சும்மா இருக்க வேண்டிய குடுவை

தாமிரபரணி கடலுக்குப் போகும் வழியில், வாழைக்கு வரும் நோய்களை ஆராயும் கூடம் ஒன்று இருந்தது. அதை நடத்திய ஆசிரியையின் பெயர் எஸ்தர் பாக்கியம். அவரிடம் ஆராய்ச்சி மாணவர் இருவர். ஒருவர் சிவதாணு, ஆசிரியையைவிட ஆறு வயது மூத்தவர். மற்றவள் செண்பகவல்லி, எல்லோருக்கும் இளையவள்.

மாணவராவதற்கு முன் சிவதாணு இருபத்திரண்டு ஆண்டுகள் வேளாண்மைத் துறையில் அலுவலராக இருந்தவர். போலி உரத்தையும் போலிப் பூச்சிமருந்தையும் பிடிப்பது அவருடைய வேலை. மூட்டையைத் தூக்கிப் பார்த்தே எடை குறைவு என்பார், குறைந்திருக்கும். கடைக்காரர் தண்ணீர் கொடுத்தால் குடிக்க மாட்டார். நீண்ட விடுப்பில் ஆராய்ச்சிக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கம் அவரை விட்டுப் போகவில்லை. கூடத்துத் தேநீரைக்கூட மோந்து பார்த்த பின்தான் வாயில் வைப்பார்.

“டீத்தூள்தான் அண்ணாச்சி, மரத்தூள் இல்ல. தைரியமா குடிங்க,” என்பாள் செண்பகவல்லி.

அவர் எடுத்துக்கொண்ட வேலை இது. வாழையின் வேர்வழியே உள்ளே ஏறி, நீர்ப்பாதையை அடைத்து, மரத்தை நின்ற நிலையிலேயே வாட வைக்கும் பூஞ்சை ஒன்று மண்ணில் உண்டு. அதே மண்ணில், அதே வேரடியில், பச்சை நிறத்தில் இன்னொரு பூஞ்சையும் உண்டு. இந்தப் பச்சைப் பூஞ்சையை வளர்த்து, அதை நீரில் ஊறவைத்து வடித்து, அந்த நீரில் வெள்ளி உப்பைக் கலந்தால், உப்பிலிருந்து வெள்ளி பிரிந்து கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களாகிவிடும். அந்தத் துகள்கள் வாடல் பூஞ்சையைக் கொல்லும். துகள்கள் உண்டாயின என்பதற்கு முதல் அடையாளம் நிறம். தெளிந்த நீர் ஒரே நாளில் தேநீர்போல் பழுப்பாகும்.

செண்பகவல்லியும் வெள்ளித் துகள்தான் செய்தாள். ஆனால் அவள் பூஞ்சையை நம்பாமல் நொச்சி இலைச் சாற்றை நம்பினாள்.

பழுப்பாகும் குடுவைக்குப் பக்கத்தில் எப்போதும் மற்றொரு குடுவை நிற்கும். அதில் வெள்ளி உப்பும் நீரும் மட்டுமே இருக்கும், பூஞ்சை இராது. ஆகவே அதில் ஒன்றும் நிகழக் கூடாது. அது தெளிவாக நின்றால்தான் பக்கத்துக் குடுவையின் பழுப்பு பூஞ்சையின் வேலை என்று துணிந்து சொல்லலாம். ஏட்டில் அதற்கு ஒப்பீட்டுக் குடுவை என்று பெயர். கூடத்தில் எல்லோரும் அதைச் சும்மாக் குடுவை என்பார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை சிவதாணு இருட்டு அலமாரியைத் திறந்தார். முந்திய நாள் அவர் வைத்த சும்மாக் குடுவை பழுப்பாகியிருந்தது.

வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ஐயமே இல்லை, நல்ல பழுப்பு. பூஞ்சை இருந்த குடுவையையும் தூக்கிப் பார்த்தார். அதுவும் பழுப்பு. இரண்டையும் அருகருகே வைத்தால் எது எது என்று அவருக்கே தெரியாது.

பின்னால் காலடி ஓசை கேட்டது. செண்பகவல்லி எட்டிப் பார்த்தாள்.

“என்ன அண்ணாச்சி, சும்மா இருக்கிறவனும் வேலை பாக்க ஆரம்பிச்சுட்டானா?”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிவதாணு சிரிக்கவில்லை. அவர் அவளுடைய விரல்களைப் பார்த்தார். நுனிகள் கறுத்திருந்தன. வெள்ளி உப்பு தோலில் பட்டு, வெயிலும் பட்டால், அப்படித்தான் கறுக்கும்.

அவர் நெஞ்சில் பழைய அலுவலர் எழுந்து உட்கார்ந்தார்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு ஆராய்ச்சிகளை மதிப்பிடும் குழு கூடுகிறது. ஏரல் பக்கத்து விவசாயி ஒருவர், வாடல் கண்ட தம் தோட்டத்தில் முப்பது கன்றுகளுக்கான இடத்தை ஒரே ஒரு மருந்தைச் சோதித்துப் பார்க்கவென்று ஒதுக்கிக் கொடுத்திருந்தார். அது சிவதாணுவின் மருந்தா, செண்பகவல்லியின் மருந்தா என்று குழு முடிவு செய்யும். சும்மாக் குடுவை பழுப்பாகிவிட்ட ஒருவரின் பேச்சைக் குழு எதற்குக் கேட்கப்போகிறது? இது யாருக்கு ஆதாயம்?

பதினொரு மணிக்குள் அவர் கடிதம் எழுதி முடித்துவிட்டார்.

ஆசிரியை தம் அறையில், வாடிய வாழையின் கிழங்கை இரண்டாகப் பிளந்து, உள்ளே ஓடிய செந்நிறக் கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“யாரோ தொட்டிருக்காங்க, மேடம்.”

“எதை?”

“என் சும்மாக் குடுவையை. பழுப்பாக்கி வச்சிருக்காங்க.”

“யாரு?”

“அலமாரிக்குச் சாவி மூணு. உங்ககிட்ட ஒண்ணு, என்கிட்ட ஒண்ணு, செண்பகவல்லிகிட்ட ஒண்ணு.”

“அப்போ என்னையும் சேர்த்துத்தான் சொல்றீங்க.”

“உங்களைச் சொல்லுவேனா, மேடம்?”

“ஏன், என்னைச் சொன்னா என்ன?”

சிவதாணு தோள்பையைத் திறந்தார். கடிதத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். அது கல்லூரி முதல்வருக்கு எழுதப்பட்டிருந்தது. ஆசிரியையின் கையொப்பத்தோடுதான் மேலே போக வேண்டும். போய்விட்டால் அடுத்து நடப்பது என்ன என்பது இருவருக்கும் தெரியும். குற்றம் சாட்டப்பட்டவரின் சாவி அன்றே வாங்கப்படும். விசாரணை முடியும்வரை அவர் கூடத்துக்குள் கால் வைக்க முடியாது. விசாரணை ஆறு மாதம் நடக்கும். செண்பகவல்லியின் ஆராய்ச்சிக் காலம் இன்னும் நான்கு மாதம்தான்.

ஆசிரியை கடிதத்தை ஒருமுறை வாசித்தார்.

“நல்லா எழுதியிருக்கீங்க, சிவதாணு சார். ஒரு சொல் கூட அதிகம் இல்ல.”

“இருபத்திரண்டு வருஷம் எழுதின கை, மேடம்.”

“பக்கத்துல இருந்த குடுவை, பூஞ்சை ஊத்தினது, அது என்ன ஆச்சு?”

“அது ஒழுங்கா பழுப்பாயிடுச்சு.”

“அதை யாரு தொட்டாங்க?”

“அதை யாரும் தொடல, மேடம்.”

“எப்படித் தெரியும்?”

“அது பழுப்பாகணும்லா?”

“ஆகணும்னு நினைச்சது ஆச்சு, அதனால யாரும் தொடல. ஆகக் கூடாதுன்னு நினைச்சது ஆச்சு. அதனால யாரோ தொட்டிருக்காங்க.”

அவர் குரலில் கேலி இல்லை. குறிப்பேட்டில் எழுதியதைச் சரிபார்ப்பதற்காகத் திரும்ப வாசிப்பவரைப் போலச் சொன்னார். சிவதாணுவுக்கோ அந்தக் கேலியின்மையே உறுத்தியது. இவர் ஏன் அவளுக்காகப் பேசுகிறார்?

“உரக்கடையில மாதிரி எடுப்பீங்களே. எத்தனை பாகம் எடுப்பீங்க?”

“மூணு பாகம்.”

“எங்கெங்கே போகும்?”

“ஒண்ணு சோதனைக்கு. ஒண்ணு ஆபீசுக்கு. ஒண்ணு கடைக்காரர்கிட்டயே கொடுத்துடணும்.”

“யாரைச் சந்தேகப்படுறீங்களோ அவர் கையிலயே ஏன் கொடுக்குறீங்க?”

“விதி அப்படி, மேடம். நாளைக்கு அவர் பக்கத்துக்கும் ஒண்ணு வேணும்ல.”

ஆசிரியை ஒரு வெள்ளைத் தாளை அவர் பக்கம் நகர்த்தினார்.

“இதுக்கும் இன்னொரு பாகம் எழுதுங்க. ஒரு வார்த்தை மாறக் கூடாது. பேர் வர்ற இடத்தை மட்டும் காலியா விட்டுடுங்க.”

“எதுக்கு, மேடம்?”

“ஒவ்வொண்ணுக்கும் ஒரு சும்மா வேணும்.”

சிவதாணு யோசித்தார். இதில் ஏதோ இருக்கிறது. காலியிடத்தில் இவர் பிறகு யார் பெயரையாவது எழுதிக்கொண்டால்? ஆனாலும் மாதிரியைப் பாகம் பிரிப்பது விதி. விதியை மீறி அவருக்குப் பழக்கம் இல்லை. எழுதினார். வேலை எளிதாகவே இருந்தது. அலுவலகக் கடிதமாதலால் பெயர் முதல் வரியில் ஒரே ஓரிடத்தில்தான் வந்தது. அதன்பின் எல்லா இடத்திலும் ‘மேற்படி நபர்’ என்றே இருந்தது.

ஆசிரியை இரண்டு கடிதங்களையும் இரண்டு உறைகளில் இட்டு, மேசையின் இழுப்பறையில் வைத்தார்.

“வெள்ளிக்கிழமை காலையில பத்து மணிக்கு வாங்க. அனுப்புங்கன்னு சொன்னீங்கன்னா, பேர் இருக்கிறதைக் கையெழுத்துப் போட்டு அனுப்பிடுவேன். ஒரு கேள்வி கேட்க மாட்டேன்.”

“அதுவரைக்கும்?”

“அதுவரைக்கும் அந்தக் குடுவைகளை மறுபடி வைங்க. யாரும் தொட முடியாதபடி வைங்க. அது உங்களுக்குத் தெரியாத வேலையா?”

தெரியாத வேலை அன்று. சிவதாணு தம் தோள்பையின் அடியிலிருந்து பழைய பித்தளை முத்திரையையும் ஒரு துண்டு அரக்கையும் எடுத்தார். போலி உர மூட்டைகளுக்கு முத்திரை வைத்த காலத்தில் வாங்கியது. எதற்கும் இருக்கட்டும் என்று வைத்திருந்தார்.

முதலில் குடுவைகளைக் கழுவினார். குடுவையில் சோப்பு படக் கூடாது என்பது அவருடைய நோன்பு. முதலாண்டில் ஒருமுறை, சோப்பு சரியாக அலசப்படாத குடுவையில் அவருடைய பூஞ்சை முளைக்காமலே செத்துப்போனது. கழுவிக் கொடுத்த ஆளின்மேல் ஐயப்பட்டு, அன்று முதல் தம் குடுவைகளைப் பிறர் கையில் கொடுப்பதில்லை. தாமே வெந்நீர் விட்டுப் பத்து முறை அலசுவார். ஒவ்வொரு முறையும் வாய்விட்டு எண்ணுவார். முதல் நாளிலிருந்து சும்மாக் குடுவையாகவே நின்ற குடுவை சென்ற வாரம் கழுத்தில் விரிசல் விட்டுவிட்டது. அதனால் பூஞ்சை வளர்க்கும் தம் வரிசையிலிருந்து ஒன்றை எடுத்து அதன் இடத்தில் வைத்திருந்தார். அதையும் பத்து முறை அலசினார்.

வெள்ளி உப்பு நீரைத் தம் கையாலேயே அளந்து ஊற்றினார். அலமாரியைப் பூட்டினார். மூன்று சாவிகளையும் வாங்கித் தம் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். கதவின் இடுக்கில் காகிதம் ஒட்டி, அதன்மேல் கையெழுத்திட்டு, நான்கு மூலையிலும் அரக்கை உருக்கி முத்திரை பதித்தார்.

செண்பகவல்லி கன்னத்தில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“உள்ள என்ன அண்ணாச்சி இருக்கு, பூதமா?”

“இருந்தா நாளைக்குத் தெரியும்.”

“பூதத்துக்கு மூச்சு முட்டப்போகுது. ஒரு ஓட்டையாவது போடுங்க.”

அவளுக்கு எப்படி இப்படிச் சிரிக்க முடிகிறது என்று சிவதாணு எண்ணினார். குற்றம் செய்தவர்கள்தாம் அதிகம் சிரிப்பார்கள். உரக்கடைக்காரர்களும் அப்படித்தான், பலகாரம் வைத்துக்கொண்டு சிரிப்பார்கள்.

புதன்கிழமை காலை மூன்று பேரும் அலமாரியின் முன் நின்றார்கள். சிவதாணு கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு நான்கு முத்திரைகளையும் பார்த்தார். ஒன்றும் உடையவில்லை. காகிதம் கிழியவில்லை. கையெழுத்து அவருடையதே. உடைத்துத் திறந்தார்.

சும்மாக் குடுவை பழுப்பாகியிருந்தது.

சிவதாணு அலமாரியின் பின்புறம் போனார். பலகைகளைத் தட்டிப் பார்த்தார். கீல்களின் திருகாணிகளைப் பார்த்தார்; துரு கலையாமல் இருந்தது. குனிந்து அலமாரியின் அடியைப் பார்த்தார். எழுந்தபோது அவர் பார்வை ஆசிரியையின்மேல் விழுந்தது. விழுந்த வேகத்தில் விலகியது.

“நாலாவது சாவி ஏதாவது இருக்கா, மேடம்?”

“தேடிப் பாருங்க. இருந்தா என்கிட்டதான் இருக்கும்.”

“வெள்ளி உப்பு போத்தல்? அது யாரு வாங்கினது?”

“நீங்க வாங்கினது.”

“காய்ச்சி வடிச்ச தண்ணி?”

“நீங்க வடிச்சது, அண்ணாச்சி,” என்றாள் செண்பகவல்லி. “எங்க யாரையும் கிட்டவே விடலையே. ‘கை வைக்காதே’ன்னு சீட்டு எழுதி ஒட்டியிருக்கீங்கள்லா?”

அவள் தன் வேலையைப் பார்க்கப் போனாள். நொச்சி இலையின் மணம் கூடம் முழுவதும் பரவியது. அந்த மணமே தம்மை ஏளனம் செய்வதுபோல் சிவதாணுவுக்குப் பட்டது.

அவர் மெதுவாகக் கேட்டார்.

“மேடம், ஒருத்தரைச் சந்தேகப்படுறது தப்பா?”

ஆசிரியை நொச்சி மணம் வந்த பக்கம் கை காட்டினார்.

“செண்பகவல்லிகிட்டப் போய் ஒரு குடுவை கேட்டு வாங்கிட்டு வாங்க.”

“அவகிட்டயா?”

“அவகிட்டத்தான்.”

“அதுல ஏதாவது தடவிக் கொடுத்துட்டா?”

“கொடுக்கட்டும். கொடுத்ததை அப்படியே கொண்டு வாங்க. நீங்க கழுவ வேண்டாம். உள்ளே உங்க விரல்கூடப் படக் கூடாது.”

இருபத்திரண்டு ஆண்டுகளில் சிவதாணு யாரிடமும் எதையும் இரவல் கேட்டதில்லை. அவளுடைய மேசைக்கும் ஆசிரியையின் அறைக்கும் இடையே பதினைந்து அடிதான். நடந்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று.

“ஒரு குடுவை வேணும்.”

செண்பகவல்லி நிமிர்ந்து பார்த்தாள்.

“எனக்குக் காது சரியாத்தான கேக்குது? அண்ணாச்சி என்கிட்டக் குடுவை கேக்குதீங்க!”

“மேடம் சொன்னாங்க.”

“மேடம் சொல்லாட்டி கேக்க மாட்டீங்க. இந்தாங்க. சோப்புப் போட்டு, பிரஷ் விட்டுத் தேய்ச்சது. உங்களுக்குச் சோப்பு ஆகாதுல்ல? வேணும்னா அலசிக்கோங்க.”

“வேண்டாம்.”

“அதிசயம்தான்.”

அன்று அவர் இரண்டு குடுவைகளை வைத்தார். ஒன்று அவள் கொடுத்தது. மற்றொன்று அவருடைய வரிசையிலிருந்து எடுத்தது. இரண்டிலும் ஒரே போத்தலின் வெள்ளி உப்பு, ஒரே நீர், ஒரே அளவு. பூஞ்சை இரண்டிலும் இல்லை. மறுபடியும் அரக்கு, மறுபடியும் முத்திரை. அன்று மாலை அவருக்குள் ஓர் ஆசை இருந்தது. அதை அவரே கவனித்து நாணினார். அவள் குடுவை பழுப்பாக வேண்டும், தம் குடுவை தெளிவாக நிற்க வேண்டும் என்பதே அந்த ஆசை.

வியாழக்கிழமை காலை கதவைத் திறந்தார்.

செண்பகவல்லியின் குடுவை தெளிவாக நின்றது. பின்னால் இருந்த பலகையின் வரிகள்கூட அதன் வழியே தெரிந்தன. அவருடைய குடுவை பழுப்பாகியிருந்தது.

“உங்க குடுவையைக் கீழே கொட்டிட்டு, உள்கழுத்துல விரலை விட்டுப் பாருங்க,” என்றார் ஆசிரியை.

சிவதாணு கொட்டினார். விரலை விட்டார். கழுத்தின் வளைவில், கண்ணுக்குத் தெரியாமல், ஏதோ வழவழத்தது. வெண்டைக்காயை நறுக்கிய கத்தியில் இருப்பது போன்ற வழவழப்பு. ஓராண்டு அந்தக் குடுவையில் வளர்ந்த அவருடைய பச்சைப் பூஞ்சை, வெந்நீர் பத்து முறை வந்து போனபோதும் கண்ணாடியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. அலமாரியைப் பூட்டி முத்திரை வைத்தபோது, வேலை செய்பவனை அவர் உள்ளே வைத்தே பூட்டியிருந்தார்.

அவர் விரலை வெளியே எடுத்துத் துடைத்தார். மறுபடியும் விட்டுப் பார்த்தார். ஆசிரியை போய்விட்டார்.

அன்று முழுவதும் சிவதாணு குடுவைகளைத் தேய்த்தார். செண்பகவல்லியின் மேடையிலிருந்த சோப்பை எடுத்துக்கொண்டார், கேட்டு எடுக்கவில்லை. கை தேய்த்துக்கொண்டிருந்தபோதே மனம் வேறொன்றைத் தேய்த்துக்கொண்டிருந்தது. குடுவை தம் பிழைதான், சரி. ஆனால் திங்கட்கிழமை மாலை ஐந்தரை மணிக்குப் பிறகு அவள் எதற்குக் கூடத்தில் இருந்தாள்? விரலில் கறை எப்படி வந்தது? அன்று காலை குடுவையைப் பார்த்ததும் ஏன் சிரித்தாள்? இந்த முறை அவள் ஒன்றும் செய்யாதிருக்கலாம். அதற்காக, செய்ய நினைக்காதவள் என்று ஆகிவிடுமா? மூட்டையின் எடை சரியாக இருந்தாலும், தராசில் ஏதாவது இருக்கும்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே அவர் ஆசிரியையின் அறையில் இருந்தார். மேசைமேல் இரண்டு உறைகள் இருந்தன.

“அனுப்பவா?”

“குடுவையில தப்பு என்னோடதுதான், மேடம்.”

“ம்.”

“ஆனா கடிதத்துல நான் எழுதினது ஒண்ணும் பொய் இல்ல. எல்லாம் கண்ணால பார்த்தது.”

“பொய் இல்லைன்னா அனுப்பலாமே.”

சிவதாணு நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். அனுப்புங்கள் என்று வாய் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

ஆசிரியை ஓர் உறையைப் பிரித்து, தாளை அவர் கையில் கொடுத்தார். பெயர் இல்லாத கடிதம்.

“கொஞ்சம் வாசிங்க. நான் கேட்கிறேன்.”

சிவதாணு வாசித்தார்.

“‘இருட்டு அலமாரியின் சாவி மேற்படி நபரிடம் உள்ளது.’”

“யார் யார்கிட்ட இருந்துச்சு?”

“மூணு பேர்கிட்டயும்.”

“மேலே வாசிங்க.”

“‘திங்கட்கிழமை மாலை ஐந்தரை மணிக்குப் பிறகும் மேற்படி நபர் கூடத்தில் இருந்தார்.’”

“பார்த்தது யாரு?”

“நான்தான், மேடம். நான் அப்போ...” அவர் நிறுத்தினார். “நானும் இங்கதான் இருந்தேன்.”

“ம்.”

“‘ஏரல் தோட்டம் தமக்கே கிடைக்க வேண்டும் என்பதில் மேற்படி நபர் பெரும் ஆவல் கொண்டவர்.’”

இந்த முறை ஆசிரியை ஒன்றும் கேட்கவில்லை. சிவதாணு தாமே அந்த வரியை மறுபடி மனத்துக்குள் வாசித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி வாசித்தார்.

“‘மேற்படி நபரின் விரல் நுனிகளில் வெள்ளி உப்பின் கறை காணப்படுகிறது.’”

தாளின் இரு ஓரங்களையும் பிடித்திருந்த அவருடைய விரல்கள் கறுத்திருந்தன. நேற்று அவ்வளவு சோப்புப் போட்டும் போகவில்லை.

கதவு தட்டப்பட்டது. செண்பகவல்லி தலையை மட்டும் உள்ளே நீட்டினாள்.

“அண்ணாச்சி, என் குடுவை. இரவல் வாங்கினா திருப்பித் தரணும்லா?”

“தாரேன்.”

“சோப்புப் போட்டுத் தாங்க. வெந்நீர்ல பத்து தடவை எண்ணினதெல்லாம் எனக்கு வேண்டாம். அப்புறம், மூணு மணிக்குக் குழு. உங்க பழுப்புச் சும்மாவையும் கையோட எடுத்துட்டு வாங்க. மறைச்சீங்கன்னா எனக்குச் சந்தேகம் வந்துரும்.”

சிரித்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். அவளுடைய காலடி ஓசை தேயும்வரை சிவதாணு கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னும் ஒரு வரி இருக்கு, மேடம். ‘பழுப்பான குடுவையைக் கண்டதும் மேற்படி நபர் சிரித்தார்.’”

“அது?”

“அது எனக்குப் பொருந்தாது. நான் சிரிக்கல.”

“பொருந்தாது,” என்று ஆசிரியை ஒப்புக்கொண்டார். “எனக்கும் பொருந்தாது. சிரிச்சதுக்கு என்ன தண்டனைன்னு விதிப் புத்தகத்துல பார்க்கணும்.”

சிவதாணு தாளை மேசைமேல் வைத்தார். இருபத்திரண்டு ஆண்டுகளில் எத்தனை கடிதங்கள்! அவை எல்லாவற்றிலும் ‘மேற்படி நபர்’ இருந்தார். முதல் வரியில் மட்டும் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு பெயர் இருந்தது.

“நிறம் மாறியிருக்கா?” என்று அந்தப் பெயரில்லாத கடிதத்தைக் காட்டி ஆசிரியை கேட்டார்.

“மாறியிருக்கு, மேடம்.”

வெளியே யாரோ குழாயைத் திறந்து மூடினார்கள். சிவதாணு மற்ற உறையைத் தொட்டார்.

“இதைக் கிழிச்சுடவா?”

“அது உங்க கடிதம்.”

பிரித்து, இரண்டாகக் கிழித்தார், நான்காகக் கிழித்தார், எட்டாகக் கிழித்தார். குப்பைக்கூடையைப் பார்த்தார். கூட்டுபவர் எடுத்து ஒட்டிப் படித்துவிட்டால் என்ன செய்வது என்ற எண்ணம் வந்தது போலும். துண்டுகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பிறகு, பெயர் இல்லாத கடிதத்தை எடுப்பதற்குக் கை நீட்டினார்.

ஆசிரியை அதன்மேல் தம் கையை வைத்தார். அவருடைய விரல் நுனிகளும் கறுத்துத்தான் இருந்தன.

“இது இருக்கட்டும்.”

“அதுல பேரே இல்லையே, மேடம். எதுக்கு?”

ஆசிரியை தாளை நான்காக மடித்து, இழுப்பறையில் வைத்து மூடினார்.

“அடுத்த கடிதத்துக்குப் பக்கத்துல நிக்க ஒண்ணு வேணும்ல, சிவதாணு சார்.”